பச்சையா, நீலமா? கலப்பையும் ஏழு நட்சத்திரமும் கொண்ட அயர்லாந்துக் கொடி

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். மகன் டப்ளினில் படிக்கிறான். அவன் அனுப்பிய மே தின ஊர்வலப் படத்தில் நீலத் துணியில் ஏழு வெள்ளை நட்சத்திரம் வைத்த கொடி தெரிகிறது. “இது 1916 புரட்சியில் பறந்த சோசலிஸ்ட் கொடி, வாங்கி அறையில் மாட்டப் போகிறேன்” என்கிறான். நீங்கள் தேடினால் பச்சைத் துணியில் கலப்பை போட்ட இன்னொரு கொடி வருகிறது. உறவினர் ஒருவர் “அது துப்பாக்கிக்காரர்களின் கொடி, மாட்ட விடாதீர்கள்” என்று பயமுறுத்தியிருக்கிறார். கேள்வியாக நீங்கள் போட்டது “எது அசல்?” என்ற ஒன்றைத்தான். உள்ளே இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாகத் தோன்றுகிறது. கலப்பைக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன உறவு, இன்றைக்கு அதைப் பிடிப்பவர்கள் யார் என்பவை. மூன்றுக்கும் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. டப்ளினில் பதினோரு வருடம் இருந்தேன். வார நாட்களில் நூலக வேலை. ஞாயிறுகளில் ஊரிலிருந்து வரும் நண்பர்களை ஓ'கானல் வீதியில் நடக்கவிட்டு 1913, 1916 கதைகளைச் சொல்லப் போய், பிறகு அதற்கே காசு கொடுக்க ஆள் வந்தார்கள். அந்த வீதியின் கதை எனக்குப் பழக்கம். கொடிகளையே துறையாகப் படித்தவன் இல்லை. ஐரிஷ் மொழியும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். 1916-ல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த எழுச்சியில் பறந்தது பச்சைக் கொடி, அதில் கலப்பை உண்டு. உங்கள் மகன் பார்த்த நீலக் கொடி 1930-களில் வந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: ‘ஸ்டாரி பிளவ்’, அதாவது விண்மீன் கலப்பை. ஆகவே மகன் சொன்னதில் பாதி சரி. அவர் வாங்கப்போவது அதே பெயர், அதே பரம்பரை, ஆனால் அதே கொடி இல்லை.

இனி கதை. 1913-ல் டப்ளின் ஐரோப்பாவின் மோசமான சேரிகளில் ஒன்று. ஒரு காலத்தில் பிரபுக்கள் குடியிருந்த பெரிய மாடிவீடுகளை அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஏறக்குறைய 20,000 குடும்பங்கள் ஆளுக்கு ஓர் அறையில் வாழ்ந்தன. துறைமுகக் கூலிகள், வண்டிக்காரர்கள், டிராம் தொழிலாளிகள் ஆகியோரை ஜிம் லார்கின் ஒரு பொதுத் தொழிற்சங்கத்தில் சேர்த்திருந்தார். எதிர்ப்பக்கம் வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. டிராம் கம்பெனி அவருடையது, ‘ஐரிஷ் இண்டிபெண்டன்ட்’ பத்திரிகை அவருடையது, நகரின் முக்கிய வீதியில் தபால் தலைமையகத்துக்கு நேர் எதிரே இருந்த இம்பீரியல் ஹோட்டலும் அவருடையது. இந்த ஹோட்டலை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். சங்கத்தில் இருப்பவனுக்கு வேலை இல்லை என்றார் மர்ஃபி. ஆகஸ்ட் 26 அன்று டிராம் ஓட்டுநர்கள் வண்டிகளை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போனார்கள். மற்ற முதலாளிகளும் மர்ஃபியோடு சேர்ந்து, சங்கத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார்கள். அதுதான் டப்ளின் கதவடைப்பு. சுமார் 20,000 தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலையில்லாமல் நின்றார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. கூட்டத்துக்குத் தடை போட்டிருந்தார்கள், லார்கினைப் பிடிக்கப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. சொன்னபடி வந்து பேசுவேன் என்று அவர் சவால் விட்டிருந்தார். ஒட்டுத்தாடி, நீளக் கோட்டு, முதுகு வளைந்த கிழப் பாதிரியார் வேடம். முதலாளியின் சொந்த இம்பீரியல் ஹோட்டலுக்குள்ளேயே வாசல் வழியாகப் போய், மாடியிலிருந்து தெருவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சில வாக்கியங்களுக்குள் பிடித்துவிட்டார்கள். பிறகு தெருவில் நடந்த தடியடியில் நூற்றுக்கணக்கானோருக்கு மண்டை உடைந்தது. அந்த வார இறுதியில் போலீஸ் அடியில் இரண்டு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நடைகளில் நான் எப்போதும் இந்த இடத்தில்தான் நின்று பேச ஆரம்பிப்பேன். கொடி பிறந்தது தையல் அறையில் என்றாலும் அதற்குக் காரணம் இந்த நடைபாதையில்தான் இருக்கிறது.

அடி வாங்கும் தொழிலாளிக்குக் காவல் வேண்டும் என்று அந்த நவம்பரில் லார்கினும் சோசலிஸ்ட் தலைவர் ஜேம்ஸ் கானலியும் ஐரிஷ் குடிமக்கள் படையை ஆரம்பித்தார்கள். அதற்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் கேப்டன் ஜாக் வைட். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர், போயர் யுத்தத்தில் லேடிஸ்மித் நகரைக் காத்த தளபதியின் மகன், புராட்டஸ்டன்ட் கிறித்தவர். இப்படி ஓர் ஆள் கப்பல் கூலிகளுக்குக் கவாத்து சொல்லித்தருகிறார். அவர்கள் கையில் துப்பாக்கிக்குப் பதில் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் மட்டை. கதவடைப்பு 1914 ஜனவரி வாக்கில் தொழிலாளர் தோல்வியில் முடிந்தது. பட்டினியில் ஆள்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். படையும் கலைந்துவிடும்போல இருந்தது. 1914 மார்ச்சில் லிபர்ட்டி ஹால் என்ற சங்கக் கட்டடத்தில் கூடிப் படைக்கு விதிமுறை எழுதினார்கள். அதன் செயலாளர் ஷான் ஓ'கேசி, பின்னாளில் நாடகாசிரியராகப் பெயர் வாங்கியவர். தோற்றுப்போன ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, சீருடை வாங்கவே காசில்லாத ஒரு படை, அந்த வருடம் தனக்கென ஒரு கொடியைத் தைத்துக்கொண்டது.

அந்தக் கொடி இப்போதும் இருக்கிறது. டப்ளினில் காலின்ஸ் பாரக்ஸ் என்ற பழைய ராணுவக் குடியிருப்பில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, அதன் சொத்து. பட்டும் கம்பளியும் கலந்து நெய்யும் ஐரிஷ் பாப்ளின் துணி, பச்சை. துணியின் குறுக்கே பொன்னிறத்தில் ஒரு கலப்பை. கலப்பையின் உடம்பின் மேலேயே ஏழு நட்சத்திரங்கள் பரவிக் கிடக்கின்றன. கிட்டப் போனால்தான் ஒன்று கண்ணில் படும். கொழு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாள். மண்ணைக் கிழிக்கப்போவது அந்த வாள்தான்.

நட்சத்திரமும் கலப்பையும் ஒட்டியது ஏன் என்பதற்கு விடை வானத்தில் இருக்கிறது. நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோம், பழந்தமிழில் எழுமீன். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அதே ஏழு நட்சத்திரத்துக்குப் பெயர் ‘கலப்பை’. ஐரிஷ் மொழியில் ‘கோணல் கலப்பை’ என்று பொருள்படும் பெயர். நாலு நட்சத்திரம் கட்டமாக, மூன்று நட்சத்திரம் வளைந்த வாலாக இருப்பதை அவர்கள் மேழி வளைந்த ஏராகப் பார்த்தார்கள். ஆக, கொடியில் இருக்கும் ஒரே உருவத்தை இரண்டு தடவை வரைந்திருக்கிறார்கள், ஒரு தடவை மரத்தில், ஒரு தடவை வெளிச்சத்தில். இன்னொன்று, நம் ஊரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு எட்டாத விஷயம். சென்னையில் சப்தரிஷி மண்டலம் உதித்து மறையும். டப்ளின் இருக்கும் அட்சரேகையில் அது அஸ்தமிப்பதே இல்லை, மேகம் இல்லாத எந்த இரவிலும் வடக்கே எங்காவது தெரியும். மேகம் இல்லாத இரவு கிடைப்பதுதான் அங்கே பாடு.

இனி அர்த்தம். இங்கேதான் உறுதியானதையும் சொல்லிச் சொல்லி உறுதியாகிப்போனதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கலப்பை உழைப்பு, நட்சத்திரம் உயர்ந்த லட்சியம் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இதில் யாருக்கும் சண்டையில்லை. வாள் கொழுவாவது பைபிளில் ஏசாயா நூலில் வரும் படிமம். வாள்களைக் கொழுக்களாக அடிப்பார்கள், இனி யுத்தம் கற்க மாட்டார்கள் என்ற வாக்கு. 1914-ல் டப்ளின் தொழிலாளி எவனுக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சுதந்திர அயர்லாந்து “கலப்பையிலிருந்து நட்சத்திரம் வரை” தன் விதியைத் தானே ஆளும் என்று கானலி சொன்னதாக ஒரு வாசகம் சுவரொட்டிகளிலும் டீ-சர்ட்டுகளிலும் உண்டு. அழகான வாசகம். அதை கானலி ‘சொன்னதாக’த்தான் நான் எப்போதும் சொல்வேன், ‘எழுதினார்’ என்று சொல்வதில்லை. ஏழு நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு தத்துவம் பிரித்துக்கொடுக்கும் பதிவுகளும் இணையத்தில் திரிகின்றன. விட்டுவிடுங்கள். ஏழு ஏன் என்றால் வானத்தில் ஏழு இருக்கிறது.

யார் வரைந்தது? டப்ளின் ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்த வில்லியம் மெகாஹி என்பவர் பெயர்தான் பலமாகச் சொல்லப்படுகிறது. ஓ'கேசியும் அவரைத்தான் சொன்னார். யோசனை மட்டும் ஏ.இ. என்ற பெயரில் எழுதிய கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸலுடையது என்று ஒரு கட்சி, லார்கினுடையது என்று இன்னொரு கட்சி. துணியைத் தைத்தது பெண்கள் நடத்திய துன் ஈமர் என்ற கைத்தொழில் கூடம் என்பார்கள். வரைந்தவர் மெகாஹி, யோசனை பல வாய்களில் இருந்து வந்தது என்ற அளவில் நின்றுகொள்வது பத்திரம்.

நிறத்தில்தான் பெரிய வம்பு. படையின் செயலாளராகவே இருந்த ஓ'கேசி பல வருடம் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பில் கொடியின் நிறத்தை நீலம் என்று எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத்துக்கு வந்த துணியோ பச்சை. இதை வைத்து இரண்டு கொடி இருந்தது என்பவர்கள் உண்டு, மாதிரி ஓவியம் நீலம், தைத்தது பச்சை என்பவர்கள் உண்டு, ஓ'கேசியின் ஞாபகத்துக்குள் 1930-களின் நீலக் கொடி புகுந்துவிட்டது என்பவர்களும் உண்டு. நான் துணியின் பக்கம். மனித ஞாபகம் எப்படி நிறம் மாறும் என்பதை அந்த ஊர் ஆவணங்களிலேயே பார்க்கலாம். 1947-லிருந்து பத்து வருடம், அயர்லாந்து அரசு அந்தக் காலப் போராளிகளைக் கூப்பிட்டு 1,773 சாட்சியங்கள் எழுதி வாங்கிவைத்தது. ஒரே நாளில் ஒரே தெருவில் நின்ற இரண்டு பேர், கூரையில் என்ன கொடி எப்போது ஏறியது என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். முப்பது வருட இடைவெளி. அவர்களைப் பொய்யர்கள் என்று யார் சொல்ல முடியும்?

இப்போது 1916. ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. தேசியவாதத் தொண்டர் படையும் கானலியின் குடிமக்கள் படையும் சேர்ந்து டப்ளினின் முக்கியக் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டு குடியரசு அறிவித்தன. குடிமக்கள் படையின் பங்கு இருநூற்றுச் சொச்சம் பேர்தான், அதில் பெண்களும் உண்டு. தலைமையிடம் தபால் தலைமையகம். அதன் கூரையில் ஏறியவை இன்றைய தேசியக் கொடியான பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவர்ணமும் ‘ஐரிஷ் குடியரசு’ என்று எழுதிய பச்சைக் கொடியும். கலப்பைக் கொடி அங்கே ஏறவில்லை. அது ஏறியது தெருவுக்கு எதிர்ப்பக்கம், மர்ஃபியின் இம்பீரியல் ஹோட்டலில்.

மூன்று வருடத்துக்கு முன் லார்கின் வேடம் போட்டு நுழைந்து பேசிய அதே கட்டடம். இருபதாயிரம் பேர் அடுப்பை அணைத்தவரின் சொத்து. அதன் உச்சியில் பட்டினி போடப்பட்டவர்களின் கொடி. கொடியின் பொருள் என்ன என்று யார் கேட்டாலும், வாள், கொழு, நட்சத்திரம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் நான் காட்டுவது அந்தக் கூரையைத்தான். கானலி உத்தரவு கொடுத்து அனுப்பினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. பழிவாங்கலா, நையாண்டியா, இரண்டுமா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். பீரங்கியும் தீயும் வியாழன், வெள்ளியில் அந்த வரிசையையே சாம்பலாக்கின. ஹோட்டல் எரிந்தபின் நின்ற முகப்புச் சுவரில் கொடி இன்னும் இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போனார். வெற்றிச் சின்னமாக யாருடைய வீட்டிலோ நாற்பது வருடம் கிடந்து 1950-களில் திரும்பி வந்தது. எடுத்துப்போனவர் புண்ணியத்தில்தான் அது இன்று இருக்கிறது என்பதும் உண்மை. தெருவில் விட்டிருந்தால் கிழித்துப் பங்கு போட்டிருப்பார்கள்.

மகன் சோசலிசத்தில் ஆர்வம் உள்ளவர் என்றால் இந்தப் பகுதியை அவருக்குக் காட்டுங்கள். 1897-லேயே கானலி எழுதினார்: நாளைக்கே ஆங்கிலேய ராணுவத்தை விரட்டி டப்ளின் கோட்டையில் பச்சைக் கொடி ஏற்றினாலும், சோசலிசக் குடியரசை அமைக்கப் புறப்படாவிட்டால் உங்கள் முயற்சியெல்லாம் வீண், நிலச்சுவான்தார், முதலாளி மூலமாக இங்கிலாந்து உங்களை ஆண்டுகொண்டுதான் இருக்கும் என்று. கொடி மாற்றத்தால் மட்டும் எதுவும் மாறாது என்று இவ்வளவு நேராகச் சொன்ன மனிதர். அதே கானலி, எழுச்சிக்கு ஒரு வாரம் முன்பு, 1916 ஏப்ரல் 16 ஞாயிறன்று, லிபர்ட்டி ஹால் உச்சியில் ஒரு கொடி ஏற்றவைத்தார். தன் படையின் கலப்பைக் கொடியை அல்ல. யாழ் போட்ட பழைய பச்சைக் கொடியை. ஏற்றியது மோலி ஓ'ரைலி என்ற பதின்வயதுப் பெண். ஏன் பச்சை என்று அவர் தம் பத்திரிகையில் முன்கூட்டியே எழுதினார். தொழிலாளர் லட்சியமே அயர்லாந்தின் லட்சியம், அயர்லாந்தின் லட்சியமே தொழிலாளர் லட்சியம், இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். அயர்லாந்துக்காரர் என்றால் யார் என்று அவரே கேட்டு, வாடகை பிழியும் சேரி முதலாளியை அந்தக் கணக்கிலிருந்து விலக்கவும் செய்தார். இதைத் தேசியத்திடம் சரணடைந்ததாக ஓ'கேசி பார்த்தார். அவர் 1914-லேயே படையை விட்டு விலகியவர், எழுச்சியில் கலந்துகொள்ளவில்லை. கானலியைப் பின்பற்றியவர்கள் இதை ஒரே போராட்டத்தின் இரண்டு முகம் என்றார்கள். நூறு வருடமாகத் தீராத வழக்கு. கலப்பைக் கொடியை இன்று பிடிப்பவர்களின் சண்டையும் இதேதான், நபர்கள்தான் வேறு. கானலியை மே 12 அன்று, காயத்தால் நிற்க முடியாத நிலையில், நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள்.

கொடியின் பெயர் உலகத்துக்குப் பரவியது ஓ'கேசியின் நாடகத்தால். ‘கலப்பையும் நட்சத்திரங்களும்’ என்று பொருள்படும் தலைப்போடு 1926 பிப்ரவரியில் டப்ளின் ஆபி அரங்கில் மேடையேறியது. மூவர்ணக் கொடியையும் கலப்பைக் கொடியையும் சாராயக் கடைக்குள் கொண்டுவரும் காட்சி ஒன்று உண்டு, அங்கே ஒரு பாலியல் தொழிலாளியும் இருக்கிறாள். எழுச்சியில் கணவனையும் மகனையும் இழந்த பெண்கள் அரங்கில் இருந்தார்கள். நாலாவது நாள் கலவரம், மேடையில் ஏறி அடிதடி, கவிஞர் யேட்ஸ் வந்து பார்வையாளர்களைத் திட்டினார். ஒரு பத்து வருடத்துக்குள் எரிந்த ஹோட்டலின் கொடி புனிதப் பொருளாகிவிட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நீலத்துக்கு வருகிறேன். 1934-ல் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் குடியரசு ராணுவத்திலிருந்து பிரிந்த இடதுசாரிகளான பீடர் ஓ'டானல், ஜார்ஜ் கில்மோர், ஃபிராங்க் ரயன் போன்றவர்கள் ‘ரிபப்ளிகன் காங்கிரஸ்’ என்று ஓர் அமைப்பு ஆரம்பித்தார்கள். கானலியின் பிள்ளைகள் ரோடியும் நோராவும் அதில் இருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் கலப்பையை எடுத்துவிட்டு, நீலத்தில் நட்சத்திரம் மட்டும் வைத்த வடிவம் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஜூன் மாதம் போடன்ஸ்டவுன் என்ற ஊரில், ஐரிஷ் குடியரசுவாதிகளின் முன்னோடியான வுல்ஃப் டோனின் கல்லறைக்கு வருடாந்தர ஊர்வலம். பெல்ஃபாஸ்ட் நகரில் பிரிட்டன் ஆதரவாளர்கள் நிறைந்த ஷாங்கில் பகுதியிலிருந்து புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் காங்கிரசோடு சேர்ந்து வந்தார்கள். அப்படி வருவது நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நினைத்த காலம். அனுமதி இல்லாத பதாகை என்று சொல்லி ஐஆர்ஏ ஆட்கள் அவர்கள் மேல் பாய்ந்தார்கள். எல்லோரையும் ஒன்றாக்கப் பிறந்த அமைப்பும் செப்டம்பருக்குள் இரண்டாகப் பிளந்தது. ரயன் பின்னர் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ஐரிஷ்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

கலப்பை ஏன் போனது? நீலத் துணியில் ஏழு வெள்ளை நட்சத்திரம் வெட்டி ஒட்டுவது ஒரு மாலை வேலை, பச்சையில் வாள் வைத்த பொன் கலப்பையைத் தைக்க ஒரு கைத்தொழில் கூடம் வேண்டும். இது என் ஊகம்தான். நீலம் தொழிலாளியின் வேலை உடுப்பு நிறம் என்பதும், இரவு வானம் என்பதும் பிறகு வந்த வியாக்கியானங்கள், பொருத்தமாக இருப்பதால் ஒட்டிக்கொண்டன. என் தனிப்பட்ட வருத்தம், கலப்பையோடு கொழுவிலிருந்த வாளும் போனது. கொடியிலேயே யோசிக்கவைத்த ஒரே இடம் அதுதான்.

கடைசியாக உறவினர் சொன்னது. அவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. 1974 டிசம்பரில் ஷேமஸ் காஸ்டெல்லோ ஐரிஷ் குடியரசு சோசலிஸ்ட் கட்சியை ஆரம்பித்தார், அதன் பத்திரிகையின் பெயரே ‘ஸ்டாரி பிளவ்’. அதன் ஆயுதப் பிரிவான ஐஎன்எல்ஏ 1979-ல் லண்டன் நாடாளுமன்றக் கார் நிறுத்தத்தில் குண்டு வைத்து எம்.பி. ஏரி நீவைக் கொன்றது. 1981-ல் வட அயர்லாந்துச் சிறையில் நடந்த உண்ணாவிரதத்தில் இறந்த பத்துப் பேரில் மூவர் ஐஎன்எல்ஏவினர். 1998-ல் போர்நிறுத்தம் செய்து, 2009-ல் ஆயுதப் போராட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அவர்களின் ஊர்வலங்களிலும் சவ அடக்கங்களிலும் இந்த நீலக் கொடி உண்டு. அதே கொடியைப் பிடித்தவர்கள் பட்டியலில் தொழிற்சங்கங்கள், கம்யூனிஸ்ட் கட்சி, வொர்க்கர்ஸ் கட்சி, ஷின் ஃபேன் தொண்டர்கள் எல்லாம் உண்டு. ஆட்சியில் பங்கு வகித்த லேபர் கட்சிகூட ரோஜாப் பூவுக்கு மாறுவதற்கு முன் இந்தச் சின்னத்தை வைத்திருந்தது. லிபர்ட்டி ஹாலுக்கு எதிரே 1996-ல் குடியரசுத் தலைவரே திறந்துவைத்த கானலி சிலையின் பின்னணியிலும் இது உண்டு. குடியரசுத் தலைவர் திறந்துவைத்த சிலையில் இருக்கும் சின்னத்தைத் தடைசெய்யப்பட்ட கொடி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே மாட்டலாமா என்றால், டப்ளினில் மாட்டட்டும். மே தினத்தில் அதைப் பிடித்து நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வடக்கே, பிரிட்டனின் கீழ் உள்ள வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட், டெர்ரி போன்ற ஊர்களுக்குப் போகும்போது அதைச் சட்டையில் குத்திக்கொண்டோ பையில் தொங்கவிட்டோ போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே தெருவுக்குத் தெரு கொடிக்கு அர்த்தம் மாறும், வெளியூர்ப் பையனுக்கு அந்த எல்லைகள் தெரியாது. வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையில் ஏழு இருக்க வேண்டும். பொன்னிறத்தில் எட்டு இருந்தால் அது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலக் கொடி. அதே சப்தரிஷி மண்டலத்தோடு துருவ நட்சத்திரமும் சேர்ந்தது, 1927-ல் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வரைந்தது. ஆன்லைனில் அவசரத்தில் ஆர்டர் போட்டு அலாஸ்காவைச் சுவரில் மாட்டிக்கொண்ட தோழர் ஒருவர் எனக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த விருந்தாளி எண்ணிச் சொன்னபிறகுதான் கழற்றினார்.